வெல்லத்தின் கண் மங்கும் நாட்கள்

அன்பு யாழினி,

உன் கடிதத்தையும் கூட அனுப்பிய படங்களையும் பார்த்தேன். முதலில் உனக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். உன் பால் பைத்தான் (ball python) பாம்பு வெல்லம் சட்டை உரிக்கப் போகிறது. மறைவிடத்தின் வாசலில் தலையை மட்டும் நீட்டி வைத்திருக்கும் படத்தில் அதன் இரண்டு கண்களும் ஒன்றுபோல நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. வயிற்றுப்பக்கம் இளஞ்சிவப்பாகியிருக்கிறது. முதுகில் எப்போதும் பளிச்சென்று தெரியும் பொன்னிறத் திட்டுகள் மங்கிக் கிடக்கின்றன. நீ எழுதிய மற்றதெல்லாம், அதாவது சீறுவதும், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வதும், எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காததும், இதோடு சேர்ந்து வருபவைதான்.

“என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா அத்தை?” என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றேன். ஓர் உயிரை முழுப் பொறுப்போடு வளர்க்கிறவளுக்கு, அது திடீரென்று தன் கையை நோக்கிப் பாய்ந்தால் மனம் கலங்கத்தான் செய்யும். போதாததற்குப் பாட்டி வேறு “பாம்புக்குப் பால் வார்த்தாலும்…” என்று ஆரம்பித்துவிட்டாராம். பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள். வெல்லத்தின் சீறலில் உன்னைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. “எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, உடம்பு கூசுகிறது, யாரோ மேலேயிருந்து வருகிறார்கள்” என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. பாம்பு நம்மை நாய் நேசிப்பதுபோல நேசிப்பதில்லை. அதனால் நம்மை வெறுப்பதும் இல்லை. இத்தனை நாளாக அது உன் கையில் நிம்மதியாக ஊர்ந்தது என்றால், உன் வாசனையும் உன் கையின் வேகமும் ஆபத்தில்லை என்று அதற்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கம் எங்கும் போய்விடவில்லை. சட்டை கழன்றதும் திரும்பிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உனக்குப் பயம் பாதி குறையும், அதனால் சொல்கிறேன். நம் தோலும் உரிந்துகொண்டேதான் இருக்கிறது. துகள் துகளாக உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை. பாம்புக்கு அப்படி முடியாது. அதன் செதில்களை மூடியிருக்கும் கெரட்டின் அடுக்கு உயிரில்லாதது. உடம்பு வளர்ந்தாலும் அது கூட வளராது, உரசித் தேய்ந்தாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. ஆகவே பழைய தோலுக்கு அடியிலேயே, மூக்கு முதல் வால்நுனி வரை, புதிய தோல் ஒன்றைப் பாம்பு உருவாக்கிவிடுகிறது. புதியது முற்றியதும் இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறுகிறது. அதிலுள்ள நொதிகள் பழையதையும் புதியதையும் பிணைத்திருக்கும் பிடிப்பைக் கரைக்கின்றன. நிறம் மங்குவதும் கண்ணில் நீலம் படர்வதும் அதனால்தான். குட்டிகளுக்கு இது மாதத்துக்கு ஒருமுறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையோ நடக்கும். வளர்ச்சி குறையக் குறைய இடைவெளி நீளும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில் ஒன்று மூடியிருக்கிறது. அதுவும் தோலின் ஒரு பகுதிதான், உரியும்போது அதுவும் சேர்ந்தே உரியும். அந்தக் கண்செதிலுக்குள் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்டாரியோவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் வான் டோர்ன், ஜேக்கப் சிவக் இருவரும் கோச்விப் என்ற பாம்புகளிடம் இந்தக் குழாய்களைக் கவனித்து 2013இல் எழுதினார்கள். சும்மா இருக்கும் பாம்பின் கண்செதிலில் இரத்தம் விட்டுவிட்டு ஓடுகிறது. ஆபத்து எதிரில் வந்து நிற்கும்போது குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. பார்வை தெளிவாக இருக்கும் நேரம் கூடுகிறது. ஆனால் புதிய தோல் உருவாகும் நாட்களில் இரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. புதுக் கண்செதிலைக் கட்டுவதற்கு அது தேவைப்படுகிறது. யோசித்துப் பார். மற்ற நாட்களில் உன்னைக் கண்டதும் பார்வையைக் கூர்மையாக்கி “இவள்தான்” என்று உறுதி செய்துகொள்ளும் வழி இருந்தது. இந்த நாட்களில் அந்த வழி அடைபட்டிருக்கிறது, மேலே மங்கல் வேறு. பார்வை தெளிவில்லாத விலங்கு முதலில் பாயும், பிறகு விசாரிக்கும். எனக்கு அதன்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

இனி நாட்கணக்கு. பால் பைத்தானுக்கு இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதலில் வயிறு சிவக்கும், நிறம் மங்கும். அப்போதே பல பாம்புகள் மறைவிடத்தைவிட்டு வர மறுக்கும், சாப்பாட்டையும் ஒதுக்கும். பிறகு கண்ணில் நீலம் படர்ந்து சில நாள் நிற்கும். வெல்லம் இப்போது இருப்பது இந்தக் கட்டத்தில். அதன் பின்னால் வருவதில்தான் புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், அதனால் கவனமாகப் படி. ஒருநாள் காலையில் பார்ப்பாய், கண் இரண்டும் தெளிந்திருக்கும், நிறமும் கொஞ்சம் திரும்பியிருக்கும். சட்டை மட்டும் எங்கும் கிடக்காது. “உரிக்காமலே சரியாகிவிட்டது போல” என்று நினைத்து ஆசையோடு கையில் எடுப்பார்கள், எலியை நீட்டுவார்கள். அது தவறு. நடுவிலிருந்த திரவம் வற்றிவிட்டது, பழைய தோல் தளர்ந்து மேலே உட்கார்ந்திருக்கிறது, அடியில் இருப்பது இன்னும் இளசு. உண்மையான உரிப்பு அதன் பிறகு மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வரும். அந்த நாட்களில் இதுவரை முடங்கிக் கிடந்த பாம்பு இரவெல்லாம் கூண்டைச் சுற்றிச் சுற்றி வரும். மூக்கைக் கல்லிலும் கட்டையிலும் தேய்க்கும். தப்பிக்கப் பார்க்கிறது என்று நினைத்துவிடாதே. உதட்டோரத்தில் தோலைக் கிளப்ப ஒரு சொரசொரப்பான இடத்தைத் தேடுகிறது. ஒரு மரக்கட்டையோ, விளிம்பு கூர்மையில்லாத கல்லோ உள்ளே கட்டாயம் இருக்கட்டும்.

உன் ஊரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வின்னிபெக்கில் ஜனவரி என்றால் வெளியே மைனஸ் 30 வரை போகும், வீட்டுக்குள் ஹீட்டர் இரவு பகலாக ஓடும், காற்றில் ஈரம் என்பதே இருக்காது. உன் உதடு வெடிக்கிற அதே காற்றில்தான் வெல்லமும் இருக்கிறது. அதன் இனம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் பக்கங்களில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும். வெளியே வெயில் காய்ந்தாலும் வளைக்குள் ஈரம் நிற்கும். சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து, அங்கங்கே ஒட்டிக்கொண்டு வரும் பாம்புகளை இங்கே ஒட்டாவா கால்நடை மருத்துவமனையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறோம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஈரப்பதம் போதவில்லை.

உன் படத்தில் கூண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் முள் வைத்த வட்ட மானியை நம்பாதே. அவை அடிக்கடி தவறாகக் காட்டும். டிஜிட்டல் மானி ஒன்று வாங்கி, அதன் உணரியைப் பாம்பு படுக்கும் மட்டத்தில் வை. சாதாரண நாட்களில் 60 சதவீதத்தை ஒட்டியும், இந்த நாட்களில் 70ஐ ஒட்டியும் இருந்தால் நல்லது. வலை மூடியில் பாதிக்கு மேல் அலுமினியத் தாளால் மூடிவிடு, விளக்கு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு. தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கு. சில பாம்புகள் இந்த நாட்களில் தண்ணீரில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடியில் போட்டிருக்கும் காகிதத்தை எடுத்துவிட்டுத் தென்னை நார்த்தூள் போடு. கடையில் அழுத்திய கட்டியாகக் கிடைக்கும், அது பொள்ளாச்சியிலிருந்தே கப்பலேறி வந்ததாகவும் இருக்கலாம். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பொலபொலவென்று விரியும். கையில் அழுத்திப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொதசொதப்பாக வைத்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும். பாம்பின் மேல் நேராகத் தண்ணீர் தெளிக்காதே.

இவற்றைவிட முக்கியம் ஈர மறைவிடம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடு, வெல்லம் சுருண்டு படுக்கும் அளவுக்கு. பக்கவாட்டில் அது நுழையும் அளவு ஓட்டை வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடு. உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, தளர்வாக நிரப்பு. வெப்பமான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வை. அதன் பிறகு கையை எடுத்துவிடு. அதுவாக உள்ளே போகும். பாசியை மாற்ற வேண்டுமானால் அது வெளியே இருக்கும் நேரம் பார்த்து மாற்று.

கையை எடுத்துவிடு என்று சொன்னது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். பிரியமாக வளர்ப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஏதாவது செய்தால்தான் கவனிப்பு என்று மனம் சொல்லும். இந்த இரண்டு வாரம் தண்ணீர் மாற்று, மானியைப் பார், விளக்கின் வெப்பத்தைச் சரிபார். அதற்கு மேல் வேண்டாம். எடுக்காதே, தோழிகளுக்குக் காட்டாதே, எலியை நீட்டி நீட்டிப் பார்க்காதே. கிண்ணத்தை எடுக்கக் கை விடும்போது மேலேயிருந்து திடீரென்று இறக்காமல் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோ. தப்பித் தவறிக் கடித்தால் பயப்படாதே, விஷமில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

அப்பா உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிறாராம். கண் மங்கி, பயந்து போயிருக்கும் பாம்பை மைனஸ் 30 குளிரில் காரில் கொண்டுபோவது இப்போது தேவையில்லை. ஆனால் எப்போது தேவை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் “சட்டை உரிக்கத்தான்” என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதும் ஆபத்து. சட்டை உரிக்கும்போது இரண்டு கண்களும் சேர்ந்தே மங்கும். ஒரு கண் மட்டும் மங்கினால் அது வேறு விஷயம், காட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் குமிழியோ வாயில் கோழையோ தெரிந்தால், மூச்சில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டால், தலையை மேல்நோக்கித் தூக்கியே வைத்திருந்தால், குளிரைப் பார்க்காமல் போங்கள். கையில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கண் மங்காத நாட்களில் தண்ணீரிலேயே கிடந்தால் கிண்ணத்தின் அடியில் கடுகைவிடச் சிறிதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார். உண்ணிகளாக இருக்கலாம். அடிக்கடி, வழக்கமான இடைவெளி கூட இல்லாமல் சட்டை உரித்தாலும் பின்னால் காயமோ உண்ணியோ இருக்கக்கூடும்.

உரிக்கும் நேரத்தைப் பார்க்கக் கிடைத்தால் நீ கொடுத்து வைத்தவள். பெரும்பாலும் இரவில் நடக்கும். உதட்டோரம் முதலில் பிரியும். தலையைத் தள்ளித் தள்ளித் தோலைப் பின்னுக்கு ஒதுக்கிவிட்டு, கட்டைகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து முன்னேறும். காலுறையை மேலேயிருந்து கழற்றினால் உள்பக்கம் வெளியே வருகிறதே, அப்படித்தான் சட்டை முழுவதும் உள்வெளியாகப் புரண்டு கழலும். நல்ல ஈரப்பதத்தில் வாய் முதல் வால் வரை ஒரே துண்டாக வரும்.

அந்தச் சட்டையைக் காய்வதற்குள் எடுத்து விரித்துப் பார். கழன்ற உடனே அது ஈரமாக, மெத்தென்று இருக்கும். சற்று நேரத்தில் மொறமொறத்துவிடும். வெல்லத்தைவிட நீளமாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. செதில்களுக்கு நடுவில் மடிந்திருந்த தோலும் இப்போது விரிந்துகொண்டது. வெளிச்சத்தில் பிடித்தால் முதுகின் திட்டுகள் நிழலாகத் தெரியும். உதட்டோரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். வெப்பத்தை உணரும் குழிகள் அவை, அவற்றின் உள்தோல்கூட உரிந்து வந்திருக்கும். வயிற்றுப்பக்கம் அகலமான செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் போகும். இதையெல்லாம் ரசித்துவிட்டு இரண்டு இடத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். தலைப்பகுதியில் கண் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. வட்டமான, தெளிந்த மூடி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் பழைய கண்செதில் இன்னும் பாம்பின் கண்மேலேயே ஒட்டியிருக்கிறது என்று பொருள். அடுத்தது வால்நுனி. கூராக முடிந்திருக்க வேண்டும். அங்கே தோல் வளையமாகத் தங்கிவிட்டால் காய்ந்து இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நுனியே கருகி விழுந்துவிடும்.

சட்டையைச் சோதிப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் வடநெம்மேலிக்குப் போய் இருளர் பாம்புபிடிப்போரின் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்திருக்கிறேன். 1978இல் தொடங்கிய சங்கம் அது. வரப்போரத்தில் கிடக்கும் காய்ந்த சட்டையைக் கையில் எடுத்து, எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பாம்பு முன்னே போகப் போகச் சட்டை புரண்டு கழல்வதால், வால் முனை கிடக்கும் பக்கம்தான் அது போன பக்கம். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் ஃப்ளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தரையில் கிடக்கும் தடத்தையும் கழிவையும் சட்டையையும் பார்க்கப் பழகிய கண்கள் அவர்களுடையவை. நீயும் வெல்லத்தின் ஒவ்வொரு சட்டையையும் அப்படிப் பார்க்கப் பழகு. ஆறு மாதத்தில் என்னைவிட உனக்கு அதைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும்.

கண்செதில் ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று நீ தேடினால், நகத்தால் பெயர்க்கலாம், டேப் வைத்து இழுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதே. அடியிலிருக்கும் புதிய கண்செதிலும் சேர்ந்து பெயர்ந்தால் கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைக் கூட்டி, ஈர மறைவிடத்தில் விட்டு, அடுத்த உரிப்புவரை பொறுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். உடம்பில் அங்கங்கே துண்டு ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரை அதன் முதுகு மூழ்காத ஆழத்துக்கு எடுத்து, அரை மணி நேரம் அதில் விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள். பிறகு ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போக விடு. துணியின் உரசலிலேயே கழலும். இழுத்தால் புதுத் தோல் கிழியும்.

பாட்டி சட்டையைப் பெட்டியில் வைக்கக் கேட்பார். கொடு, தவறில்லை, நன்றாகக் காயவைத்து உறையில் போட்டுக் கொடு. தொட்ட பிறகு எல்லாரும் கை கழுவ வேண்டும், சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சகஜம்.

வசந்தம் வந்ததும் அப்பாவை நார்சிஸுக்கு அழைத்துப் போகச் சொல். உன் ஊருக்கு வடக்கே காரில் போய்வரும் தூரம்தான். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் சுண்ணாம்புப் பாறைப் பொந்துகளிலிருந்து கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். இத்தனை பாம்புகள் ஓரிடத்தில் கூடுவதை உலகில் வேறெங்கும் பார்ப்பது அரிது. பெண் பாம்பின் தோலிலுள்ள கொழுப்புப் பொருளை நாக்கால் அறிந்துதான் ஆண் அதை அடையாளம் காணும். ராபர்ட் மேசனும் கூட்டாளிகளும் அந்தப் பொருளைப் பிரித்தறிந்து 1989இல் வெளியிட்டார்கள். ஒரு தோலில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது அங்கே நேரில் புரியும்.

சட்டை கழன்ற பிறகு வெல்லம் நிறையத் தண்ணீர் குடிக்கும், வயிறு காலியாகும். ஒன்றிரண்டு நாள் விட்டு எலியைச் சூடாக்கிக் கொடு. அப்போதும் மறுத்தால் உடனே பதறாதே. பால் பைத்தான்கள் குளிர்காலத்தில் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். நம்ப வேண்டியது எடையை. சமையலறைத் தராசு வேண்டாம், தனியாக ஒன்று வாங்கிக்கொள். சட்டை உரித்ததும் முதல் முறையும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் கிராம் கணக்கில் நிறுத்து, நோட்டில் தேதி போட்டு எழுது. கண் மங்கிய தேதி, தெளிந்த தேதி, உரித்த தேதி, ஒரே துண்டா இல்லையா, எல்லாம் அதிலேயே இருக்கட்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் எனக்குக் காத்திராமல் அங்கேயே ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் போ. இல்லையென்றால் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இப்போதைக்கு மானியை வாங்கு, டப்பாவை வெட்டு.

அன்புடன்,
அத்தை